நடவு வயலில் பணியாளர் ஈடுபாடு: குடைக் கோட்பாட்டை முன்வைத்து

பணியாளர் ஈடுபாடு குறித்து இதுகாறும் எழுந்த ஆய்வுகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு: அவற்றில் சேறு இல்லை. வில்லியம் கான் 1990-இல் ஈடுபாட்டை உடல், அறிவு, உணர்ச்சி என முக்கூறாக்கினார். அவர் எடுத்துக்கொண்ட களங்கள் ஒரு கோடைக்கால முகாமும் ஒரு கட்டடக்கலை நிறுவனமும். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்துச் சித்தையன்கோட்டையின் நெல்வயல் விடுபட்டுப்போயிற்று. அவ்விடைவெளியை இக்கட்டுரை நிரப்புகிறது. (ஆய்வென்றால் ஓர் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தோண்டிக்கொள்ளலாம்.)

உடல் ஈடுபாடு: குனிந்த முதுகு. உணர்ச்சி ஈடுபாடு: முதல் நாற்றை ஊன்றும்போது போடும் குலவை. அறிவு ஈடுபாடு: கூலி இன்றைக்கா, நாளைக்கா என்று முன்கூட்டியே கேட்பது. இம்மூன்றும் இத்துடன் முடிந்தன.

நான்காவதே முதன்மையானது: குடை. நிலத்துக்காரர் குடையோடு வரப்பில் நின்றால் நாற்று விறுவிறுவென்று இறங்குகிறது. அவர் டீக்குப் போனால் பேச்சு நாற்றை முந்துகிறது (டீக்கடைப் பெரியவர், வாய்மொழி). சிகாகோ அருகே ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, யாரோ கவனிக்கிறார்கள் என்பதாலேயே வேலை கூடுகிறது எனக் கண்டதாகச் சொல்வர். பழைய கணக்குகளைத் தேடியெடுத்து 2011-இல் சரிபார்த்தவர்களுக்கு அவ்விளைவு அவ்வளவாகத் தென்படவில்லை. அதற்குள் அது பாடத்தில் ஏறி, பல பேராசிரியர்களுக்குப் பதவி உயர்வும் கொடுத்துவிட்டது.

குடையை மட்டும் வரப்பில் ஊன்றிவிட்டு ஆள் நழுவினால்? கொஞ்ச நேரம் வேலை ஓடும். பிறகு ஓர் அக்கா நிமிர்ந்து, "ஏண்டி, குடைக்கும் சேத்து டீ வாங்கியாரச் சொல்லு" என்பார் (மேற்படி பெரியவர், மேற்படி பெஞ்சு, இரண்டாம் டம்ளர், வடைக்கு முன்). கறுப்புக் குடைக்கே வீரியம், பூப்போட்ட குடையை எவரும் மதிப்பதில்லை (மேற்படியார், வடைக்குப் பின், வடை ஆய்வாளர் செலவு, மறுப்பு: பெஞ்சின் மறுமுனையிலிருந்து எழுந்த இருமல், ஒருமுறை, அழுத்தமானது).

ஈடுபாட்டை அளக்கக் கேலப் நிறுவனம் கேட்கும் பன்னிரண்டு கேள்விகளில் ஒன்று, வேலையிடத்தில் நெருங்கிய தோழமை உண்டா என்பது. நடவுச் செட்டில் கேட்டால், "பக்கத்துல குனிஞ்சு நிக்கிறது என் நாத்தனா. பத்தாதா?" என்று வரும். இவ்விடையைப் புள்ளியாக மாற்றும் முறை இன்னும் பிறக்கவில்லை.

ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசிவிட்டாலோ, குடை வந்து சேருமுன்பே பாதி வயல் பச்சையாகிவிடுகிறது. மதியத்துக்குள் செட்டு கரையேறிக் கால் கழுவுகிறது. இம்முடிவு குடைக் கோட்பாட்டோடு ஒத்துப்போகாததால் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது. பின்னிணைப்பு இடமின்மையால் நீக்கப்பட்டது.