ஐஸ் குச்சிப் பாலம்: ஒரு புணரியல் ஆய்வு

பாலம் என்பது யாதெனின், இரண்டு கரைகளுக்கு நடுவே தண்ணீர் இல்லாதபோதும் நிற்பது. இந்த இலக்கணத்துக்குப் பொள்ளாச்சி வட்டாரத்தில் கிடைக்கும் தலைசிறந்த எடுத்துக்காட்டு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் தையல் மெஷினுக்கும் குறுக்கே பதினேழு நாள் கிடந்த ஐஸ் குச்சிப் பாலம். எட்டாவது படிக்கும் மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அது எழுந்தது. விதிகள் மூன்றே: நீளம் 60 சென்டிமீட்டர், குச்சியும் பசையும் தவிர வேறு பொருள் ஆகாது, எடை ஏற்றிச் சோதிக்கப்படும். மூன்றாவது விதியை நாங்கள் நம்பினோம் என்பதை இவ்வாய்வின் முதற்குறையாக இங்கேயே பதிந்துவிடுகிறேன்.

மரமும் பொள்ளாச்சியும் பற்றி எழுதப் புகுவோர் டாப்ஸ்லிப்பில் தொடங்குவது மரபு. ஆனைமலைத் தேக்கை வெட்டி உச்சியிலிருந்து சரிவில் நழுவ விட்டதால் வந்த பெயர் அது. அந்தத் தேக்கு பம்பாய்க்குக் கப்பல் கட்டப் போய்விட்டது. நமக்கு மிஞ்சியது தென்னை. அதனால் இவ்வட்டாரத்தின் மெய்யான மரப்பாலம், கிளை வாய்க்காலின் குறுக்கே தோட்டத்துக்காரர் தள்ளிவிட்ட தென்னந்தண்டுதான். என் மாமனார், அதாவது ஆய்வு மாணவியின் அப்புச்சி, இந்தச் சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர். "ஏனுங் மாப்பிள்ளை, ஒத்தை மரத்தைக் குறுக்கால போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குங் இத்தனை குச்சி?" என்றார் முதல் நாளே.

அவரை எளிதில் மறுக்க முடியாது. தென்னந்தண்டின் வலுவெல்லாம் வெளிச்சுற்றில் இருக்கிறது, நடுப்பகுதி மென்மை. வளையும் எந்தப் பொருளிலும் பாரத்தின் இழுப்பும் அழுத்தமும் மேல் கீழ் ஓரங்களில்தான் உச்சம். நடுவில் அவ்வளவாக இல்லை. பொறியாளர்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் இரும்பு உத்திரத்தை இடை சிறுத்துச் செய்கிறார்கள். தென்னை கணக்குப் போடாமலே அப்படி வளர்ந்துவிட்டது. அதைவிட முக்கியம், அதில் ஒட்டு ஒன்றுகூட இல்லை. இந்தக் கடைசிச் சொற்றொடரின் பாரத்தை நான் உணரப் பதினேழு நாள் ஆயிற்று.

முதலில் குச்சியைப் பற்றிச் சிறிது. ஐஸ் குச்சியை இரு முனையும் பிடித்து இழுத்தால் அறுவது கடினம். முனையில் அழுத்தினால் வில்லாக வளைந்து நழுவும். சோதிக்க ஐஸ் குச்சி வேண்டியதில்லை, சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கு உருவினால் போதும். மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, உள்ளங்கையால் மேலிருந்து அழுத்துங்கள். சட்டென்று பக்கவாட்டில் விலகும். அதையே பாதியாக ஒடித்து நிறுத்தினால் நான்கு மடங்கு தாங்கும். நீளம் பாதியானால் தாங்குதிறன் நான்கு மடங்கு என்று லியோனார்டு ஆய்லர் 1744இல் நிறுவினார். என் மாமியார் சீமாற்றைத் தேடியது அன்று மாலை.

ஆகவே பாலத்தின் மேல்வரிசை அழுத்தத்துக்கு ஆட்படும், இரட்டைக் குச்சி வேண்டும். கீழ்வரிசை இழுபடும், ஒற்றை போதும். நடுவில் முக்கோணம். நாலு குச்சியில் சதுரம் செய்தால் ஆணி தளர்ந்த கட்டிலைப்போல ஒரு பக்கம் சாயும். மூன்றில் செய்தால் குச்சி ஒடிந்தாலொழியச் சாய வழியில்லை. ஜேம்ஸ் வாரன் 1848இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய வரிசை முக்கோண ட்ரஸ்ஸைத்தான் நாங்களும் போட்டோம். கொப்பரைக் குடோன் கூரைக்கு ஒர்க்‌ஷாப்காரர் போடுகிற ட்ரஸ் இதற்குத் தம்பி முறை.

இனிதான் ஆய்வின் மையம். ஐஸ் குச்சி நாலரை அங்குலம், பாலம் இரண்டடி. குச்சியோடு குச்சி சேர்ந்தே ஆக வேண்டும். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுவதைப் புணர்ச்சி என்பது இலக்கணம். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கொங்குநாட்டவர் என்பார் உண்டு. அவர் ஐஸ் குச்சியைக் கண்டதில்லை. ஆனாலும் விகாரப் புணர்ச்சியைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தபோது எங்கள் சாப்பாட்டு மேசையைத்தான் கண்டிருக்கிறார்.

தோன்றலாவது, ஒட்டின் ஓரத்தில் பசை பிதுங்கிச் சொட்டாகத் தோன்றுவது. பிள்ளைகள் இதை வலு என்று கொள்வர். அது வெறும் எடை. திரிதலாவது, ஈரம் குடித்த குச்சி விடிவதற்குள் முறுக்கிக்கொண்டு முக்கோணத்தை வேறொன்றாகத் திரிப்பது. துணி கிளிப் போட்டால் இது அடங்கும். வீட்டிலிருந்த இருபத்து நான்கு கிளிப்புகளும் ஆய்வுக்கு வந்துவிட்டதால், கொடியில் கிடந்த என் வேட்டி பக்கத்துத் தோட்டத்தில் போய் விழுந்தது. கெடுதலாவது, எல்லாம் சரியாக இருந்தும் ஒட்டு விட்டுப்போவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். வெள்ளைப் பசை நீரில் கலந்திருப்பது. அந்த நீரை மரம் குடித்து, மீதியைக் காற்று கொண்டுபோன பிறகே அது பிடிக்கும். ஒரு முழு நாள் வேண்டும். நாங்கள் தொடங்கியதோ ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரல் காற்று வீட்டுக்குள் வந்து குடியிருக்கும் காலம். துண்டே காயாத ஊரில் பசை எப்படிக் காயும்? தொட்டுப் பார்க்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்தோம். தொட்ட இடமெல்லாம் கெட்டது.

அப்புச்சி ஒருநாள் கயிற்றுத் திரியால் நாலு ஒட்டுகளைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். அசையவே இல்லை. தென்னை நார்தான் இந்தச் சிக்கலுக்குச் சரியான விடை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் இரண்டாம் விதி நாரை ஏற்காது. மகள் அழுதுகொண்டே அவிழ்த்தாள்.

கண்காட்சி நாள். அமெரிக்கப் பள்ளிகளின் சயன்ஸ் ஒலிம்பியாட் போட்டியில் பாலத்தின் அடியில் வாளியைத் தொங்கவிட்டு, 15 கிலோ வரை மணல் கொட்டி, தாங்கிய எடையைப் பாலத்தின் எடையால் வகுப்பார்கள். இங்கேயும் வாளி வரும் என்று காத்திருந்தோம். வாளி வரவில்லை. பக்கத்து மேசையில் பாம்பன் பாலம். 1914இல் திறந்த பழையது அல்ல, 2025 ஏப்ரலில் திறந்த புதியது, நடுவே 72.5 மீட்டர் இரும்புத் தளம் நேராக 17 மீட்டர் உயரும் அதே பாலம். நூலை இழுத்தால் தெர்மாகோல் தளம் உயர்ந்தது, நீலக் கடலில் காகிதக் கப்பல் போனது, எல்.இ.டி. பளிச்சிட்டது. நடுவர் எங்கள் பாலத்தை ஆள்காட்டி விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்: "இதுல லைட் எரியாதாம்மா?"

பரிசு பாம்பனுக்கு. நானாக இருந்தாலும் அதற்குத்தான் கொடுத்திருப்பேன். கப்பல் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்புச்சி இரண்டு பெஞ்சுகளை வாசலில் இழுத்துப் போட்டார். பாலத்தை மேலே வைத்து, நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். உரித்த தேங்காய் ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ. பாலத்தின் எடை கால் கிலோ. மகள் நோட்டில் கோடு போட, ஒவ்வொரு காயாகச் சாக்கில் இறங்கியது. பத்தில் பாலம் முனகியது. இருபதில் பேச்சு நின்றது; மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். இருபத்தாறில் கீழ்வரிசை இழுபட்டு மெல்லியதாய் ஒரு கீச்சு. முப்பதாவது காயை வைத்து அப்புச்சி கையை எடுத்தபோது நின்றது. பத்து வரை எண்ணினோம், அப்போதும் நின்றது.

முப்பத்தொன்றாவது காய் உள்ளே விழுந்ததும் சடக்கென்று ஒரு சத்தம். காய்கள் வாசலெங்கும் உருண்டன. ஒன்று படிக்கல்லில் மோதிப் பிளந்தது. எடுத்துப் பார்த்தேன். குச்சி ஒன்றுகூட ஒடியவில்லை. இரண்டாம் முக்கோணத்தின் மேல் மூலையில், ஐந்தாம் நாள் நான் தொட்டுப் பார்த்த ஒட்டு, சுத்தமாக விட்டிருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் முப்பத்தொன்று என்று எழுதினாள். பிளந்த காயைப் பொறுக்கி மாமியாரிடம் சட்னிக்குக் கொடுத்துவிட்டு வந்த அப்புச்சி எட்டிப் பார்த்தார்.

"முப்பதுன்னு எழுது சாமி. கடேசிக் காயை அது எங்க தாங்குச்சு?"