திண்டுக்கல் தாண்டியாச்சா?

தமிழ்த் தாலாட்டில் அப்பாக்களுக்கு நடந்த அநியாயத்தை யாராவது எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு எதை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். குழந்தைக்கு வளையல் வாங்கி வருகிறவர் மாமன். பொன்னில் அரைஞாண் செய்து தருகிறவர் மாமன். கிளி பிடித்து வருகிறவரும் அவரேதான். பிள்ளை அழுதால் யார் அடித்தது என்று ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும். அங்கேயும் மாமன் பூச்செண்டால் செல்லமாகத் தட்டியதாகத்தான் தீர்ப்பு வரும். அப்பா எங்கோ ஓரிடத்தில் வந்தாலும் வாசலோரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார்.

பாடுகிறவர் அம்மா. அவருக்கு அவருடைய அண்ணன் தம்பிதான் பெரிசு. இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

தாலாட்டோடு விட்டால் பரவாயில்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது அவள் என் மச்சினன் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். போட்டோக்காரர், “மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்றார். ஆசாரிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் வெற்றிலை பாக்கையும் கையில் வைத்துக்கொண்டு நான் பந்தல்காலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆல்பத்தில் ஒரு படத்தில் என் முழங்கை தெரிகிறது.

சரி, படித்தவர்கள் எழுதி வைத்த தாலாட்டிலாவது நமக்கு நீதி கிடைக்குமா என்று பார்த்தேன். அங்கே பாடுகிறவர்களே ஆண்கள்தான். பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் போட்டுப் பாடுகிறார். தொட்டில் நான்முகன் அனுப்பியது. இடுப்பில் கட்டுவது சிவபெருமான் கொடுத்தது. கிண்கிணி இந்திரன் வரிசை. பதிகத்தின் பாதி மொய் நோட்டு. குலசேகராழ்வார் சேர நாட்டு அரசர். அவர் ராமனுக்குத் தாலாட்டுப் பாடினார். அதற்கு முந்தைய பதிகத்தில், கண்ணனைத் தாலாட்டக் கொடுத்து வைக்கவில்லையே என்று பத்துப் பாட்டும் புலம்பினார்.

ஆனால் கவனியுங்கள். பெரியாழ்வார் பாடுவது யசோதையாக. குலசேகரர் பாடுவது கோசலையாகவும் தேவகியாகவும். தொட்டில் பக்கம் போக இருவருமே சேலை கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பாவாகவே உட்கார்ந்து பாடினால் பிள்ளை தூங்காது என்று அவர்களுக்கே சந்தேகம் இருந்திருக்கும் போல. பிற்பாடு ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். சோழச் சக்கரவர்த்தியைக் குழந்தையாக்கித் தாலாட்டத் துணிந்த தமிழன், சொந்தப் பிள்ளை அழுதால் மட்டும், “இந்தா, இவ அழுறா பாரு” என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான். பாரதிதாசன் வந்து ஆண் குழந்தைக்கு ஒன்று, பெண் குழந்தைக்கு ஒன்று என்று தனித்தனியே தாலாட்டு எழுதித் தரும்வரை நிலைமை இதுதான்.

விஞ்ஞானமாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், அது அம்மா கட்சி. டிகாஸ்பர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-இல் பச்சைக்குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ரப்பர் காம்பை ஒரு விதமாகச் சப்பினால் தன் அம்மாவின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். பிள்ளைகள் அம்மாவின் குரல் வரும்படியாகவே சப்பின. 1984-இல் அப்பாக்களை வைத்து இதே சோதனை. அப்பா குரலுக்கும் அடுத்த ஆணின் குரலுக்கும் வித்தியாசம் பிள்ளைக்குத் தெரிகிறதாம். ஆனாலும் அப்பா குரல்தான் வேண்டும் என்று தனி விருப்பம் எதுவும் காட்டவில்லையாம். தெரியாமல் ஒதுக்கியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இத்தனையும் தெரிந்த பிறகும் நான் பாட வந்ததற்குக் காரணம் ஒரு கொக்கி. மகள் பிறந்ததும் என் அம்மா ஊரிலிருந்து ஒரு சுங்குடிச் சேலையோடு மதுரைக்கு வந்திறங்கினார். துவைத்துத் துவைத்து நைந்து, பிள்ளை உடம்புக்குப் பதமாக இருந்த சேலை. செருப்பைக் கழற்றியதும் நேரே படுக்கையறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார்.

“தூளி கட்டக் கொக்கி எங்கடா?”

உத்திரம் வைத்த வீட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அடுக்குமாடி வீட்டில் கான்கிரீட் போடும்போது மின்விசிறிக்கென்று ஒரே ஒரு கொக்கி விடுவார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டார். “ஃபேனக் கழட்டு.” சித்திரை மாதம். மதுரை. மனைவி என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

கடைசியில் இரும்பு ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் வாங்கி, சேலையை அதில் மாட்டினோம். ஸ்பிரிங் தொட்டிலில் ஒரு வசதி, ஒரு இழு இழுத்து விட்டால் தானாகக் குதித்துக்கொண்டிருக்கும். ஒரு தொல்லை, ஒவ்வொரு குதிக்கும் கிரீச்சென்று கத்தும். எண்ணெய் விட்டும் அடங்கவில்லை. பால் கொடுத்துவிட்டு மனைவி கண்ணயரும் நேரத்தில் தொட்டில் என் பொறுப்பு. அந்தக் கிரீச்சை மூடத்தான் நான் வாயைத் திறந்தேன்.

எதைப் பாடுவது? சினிமாவில் அப்பாக்களுக்குப் பாட்டுப் பஞ்சமில்லை. ‘தங்கமீன்கள்’ படத்துக்கு நா. முத்துக்குமார் எழுதிய பாட்டு தேசிய விருதே வாங்கியது. 2019-இல் வந்த ‘விஸ்வாசம்’ பாட்டைப் போனில் ரிங்டோனாக வைக்காத பெண்பிள்ளை அப்பாவை நான் பார்த்ததில்லை. இரண்டும் அருமையான பாட்டுகள். ஆனால் அவை அப்பாக்களை அழ வைக்கப் பிறந்தவை. சித் ஸ்ரீராம் ஏறுகிற உயரத்துக்கு நானும் ஏறினேன்; மகள் விழித்தாள், மேல்வீட்டு நாயும் விழித்தது. ‘மூன்றாம் பிறை’க்குக் கண்ணதாசன் எழுதிய தாலாட்டு, சினிமாவுக்கு அவர் எழுதிய கடைசிப் பாட்டு. அதைப் பாதி பாடுவதற்குள், ரயில்வே ஸ்டேஷனில் கமல்ஹாசன் குட்டிக்கரணம் போடும் காட்சி வந்து தொண்டையை அடைத்துவிடும். நீலாம்பரி ராகம் கேட்டால் தூக்கம் வரும் என்றார்கள். வந்தது, எனக்கு.

அந்த ரயில்வே ஸ்டேஷனிலிருந்துதான் வழி பிறந்தது. என் அப்பாவுக்குத் திருச்சியில் அரசாங்க வேலை, வீடு மதுரையில். பாடமாட்டார். கதை சொல்லமாட்டார். கொஞ்சியதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் பாசஞ்சர் வண்டியில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஒவ்வொரு ஊரும் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அதன் பெயரைச் சொல்வார். சொன்னபடி ஊர் வரும். வண்டியை அவர்தான் ஓட்டுகிறார் என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வரிசை உள்ளே எங்கோ கிடந்தது. ஒரு ராத்திரி, கிரீச்சுக்குத் தாளம் சேர்த்து எடுத்துவிட்டேன். மதுரை, கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைக்கானல் ரோடு, அம்பாத்துரை, திண்டுக்கல்...

இந்த ஊர்ப் பெயர்களில் எவ்வளவு சங்கீதம் இருக்கிறது என்பது பாடிப் பார்த்தால்தான் தெரியும். சோழவந்தானின் ‘தா’வை மூச்சு உள்ளவரை இழுக்கலாம். ‘பட்டி’ என்று முடிகிற ஊருக்கெல்லாம் முதுகில் இரண்டு தட்டு. கொடைக்கானல் ரோட்டில் நின்று தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். திண்டுக்கல் மட்டும் அந்த ஊர்ப் பூட்டு மாதிரி டக்கென்று விழும். அதனால் அதைக் கிசுகிசுப்பாகச் சொல்ல வேண்டும். பிறகு வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி, மணப்பாறை. மணப்பாறையில் முறுக்கு விற்க வேண்டும். இது மகளுக்குப் பேச்சு வந்த பிறகு அவள் போட்ட சட்டம். மூடிய கண்ணைத் திறக்காமல் கையை நீட்டுவாள். இல்லாத முறுக்கை நான் வைக்க வேண்டும், இல்லாத காசை அவள் தருவாள். சில்லறை கொடுக்காவிட்டால் வண்டி கிளம்பாது.

வீட்டில் ராத்திரி நேரத்தை இப்போது இந்தக் கணக்கில்தான் சொல்கிறோம். அடுப்படியைத் துடைத்துக்கொண்டே மனைவி மெல்லிய குரலில் கேட்பார்: “என்னங்க, திண்டுக்கல் தாண்டியாச்சா?” பள்ளிக்கூடத்தில் ஆடிக் களைத்த நாளில் சோழவந்தானிலேயே தூங்கிவிடுவாள். மத்தியானம் தூங்கி எழுந்த நாளில் மணப்பாறை. காய்ச்சல் அடித்த ஒரு ராத்திரி திருச்சியும் தாண்டி, ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர் என்று விருத்தாசலம் வரை போனோம். பல நாள் வையம்பட்டியில் தூங்கிப் போவது நான்தான். “அப்பா, வண்டி நின்னுருச்சு” என்று கன்னத்தில் தட்டுவாள்.

கிரிக்கெட் நடந்த ஒரு நாள் எக்ஸ்பிரஸ் விட்டுப் பார்த்தேன். மதுரைக்கு அடுத்து நேரே திண்டுக்கல். அசையாமல் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“அம்பாத்துரைய விட்டுட்ட.”

“இது வைகை எக்ஸ்பிரஸ்டா தங்கம். அங்க நிக்காது.”

“நிக்காட்டியும் அது வழியாத்தான போகும்? போறப்ப சொல்லு.”

ரயில்வே வாரியத்தில் இப்படி ஓர் ஆள் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

சென்ற முறை மச்சினன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். நன்றாகப் பாடுவார். கல்யாண வீட்டில் அவர் கையில் மைக் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வரும். “மாப்ள, இன்னைக்கு நான் தூங்க வைக்கிறேன்” என்று உள்ளே போனார். சுருதி சுத்தமாக, கமகத்தோடு, முழுப் பாட்டு. மகள் மரியாதையாகக் கேட்டாள். “சூப்பர் மாமா” என்று கைகூடத் தட்டினாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, “அப்பா, வண்டிய எடு” என்றாள்.

ஆயிரம் வருஷத்துத் தாலாட்டு வழக்கில் அப்பாக்களுக்குச் சாதகமாக வந்த முதல் தீர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன். மச்சினன் லேசில் விடவில்லை. மறுநாள் அவரே ரயில் விட்டார். கூடல்நகரை மறந்தார். சமயநல்லூரில் இறக்கி விடப்பட்டார்.

ஞாபகப் பொருள் விவகாரம் தனி. வெளிநாட்டில் இருக்கிற நண்பர் ஒருவர் வழவழப்பான பேபி புக் ஒன்று அனுப்பியிருந்தார். ஒரு பக்கத்தில் பிள்ளையின் முதல் முடியை ஒட்ட வேண்டும். அந்தப் பக்கம் இன்றும் காலி. முதல் முடி எங்கள் குலதெய்வத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. “சாமிக்குத் தெரியாம ரெண்டு முடி எடுத்துக்கிறேனே” என்றதற்கு என் அம்மா பார்த்த பார்வையை ஒட்ட அந்தப் புத்தகத்தில் பக்கம் இல்லை. பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிவது எங்கள் வழக்கம். எங்கள் கூரை மேல்வீட்டுக்காரரின் தரை. ஆகவே பல், பழைய பிஸ்கட் தகர டப்பாவுக்குள் போனது.

அந்த டப்பாதான் இப்போது எங்கள் கூட்டுக் கருவூலம். எதை வைப்பது என்பதில் எனக்கும் மகளுக்கும் ஒத்துப்போகாது. நான் வைத்தவை: பிறந்த ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிய பட்டை (அதிலும் அம்மா பெயர் மட்டும்தான்), தொப்புள்கொடி அடைத்த வெள்ளித் தாயத்து, அவள் முதன்முதலாக என்னை ‘அபபா’ என்று புள்ளியில்லாமல் எழுதிய தாள். அவள் வைத்தவை: தேய்ந்த ரப்பர், யாருடையது என்று தெரியாத சட்டைப் பித்தான், மாமா வாங்கிக் கொடுத்த கொலுசில் கழன்ற சலங்கை. சுங்குடிச் சேலையில் ஒரு முழத் துண்டும் உண்டு. அது ராத்திரியில் அவள் மூக்கோடு இருக்கும், பகலில்தான் டப்பாவுக்கு வரும். அதைத் துவைக்க யாருக்கும் அனுமதியில்லை. ஒரு தடவை துவைத்துவிட்டார்கள். “இதுல வாசமே இல்ல” என்று அவள் அழுத அழுகைக்குத் திருச்சி போதவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஓர் அட்டைச் சீட்டு இருக்கிறது. கணினிச் சீட்டு வருவதற்கு முன் நம் ரயில்களில் தந்தார்களே, இரண்டே கால் அங்குல நீளத்தில் தடித்த அட்டை, அது. தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய ஸ்டேஷன் ஊழியர் 1830-களில் புகுத்திய முறை, என் காலம் வரை ஓடியது. அப்பா காலமான பிறகு அவருடைய டைரிக்குள் கிடைத்தது. மதுரை – திருச்சி. அரை டிக்கெட். அந்த அரை நான்தான். வெளியே போகும்போது கேட்டில் சீட்டை வாங்கிக்கொள்வது அந்தக் காலத்து விதி. ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர் அதை எப்படிக் கொடுக்காமல் வந்தார், எதற்காக வைத்திருந்தார் என்று கேட்க இப்போது ஆளில்லை.

சீட்டு இப்போது மகளுடைய பொறுப்பில். வண்டி எடுக்கும் முன் டப்பாவிலிருந்து எடுத்து என் கையில் கொடுப்பாள். உடனே டி.டி.ஆர். ஆகி, “டிக்கெட்” என்று கேட்டு வாங்குவாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். “இது அரை டிக்கெட். நீ பெரிய ஆளு. ஃபைன் கட்டு.” அபராதம் ஒரு ஸ்டேஷன் கூடுதல்.

ஆகவே, ‘எனக்குப் பாட வராது’ என்று சொல்லிவிட்டு ஹாலில் டிவி பார்க்கும் அப்பாமார்களே, எழுந்து உள்ளே போங்கள். ரயில் இல்லாத ஊர் என்றால் டவுன் பஸ் நிறுத்தங்கள் இருக்கின்றன, மளிகைச் சிட்டை இருக்கிறது, தெருவில் குடியிருப்பவர்களின் பெயர்கள் இருக்கின்றன. வரிசையை மட்டும் முதல் நாளே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மாற்ற விடமாட்டார்கள். சென்னைக்காரர்கள் ஆசைப்பட்டு எழும்பூர்–குருவாயூர் எக்ஸ்பிரஸை எடுத்துவிட வேண்டாம். அது நாகர்கோவில், திருவனந்தபுரம், எர்ணாகுளம் என்று சுற்றிக்கொண்டு போகிற வண்டி, விடிந்துவிடும்.