கழற்றல் திலகம்

புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் நாம் என்ன செய்வோம்? மாலை போடுவோம், பிள்ளையார் கோவில் வாசலில் நிறுத்திச் சூடம் காட்டுவோம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். கழற்றல் திலகமும் இதில் எதையும் குறை வைப்பதில்லை. ஆனால் டயரில் ஒட்டிய எலுமிச்சைச் சாறு காய்வதற்குள் ஸ்பேனரை எடுத்துவிடுவார்.

"கம்பெனிக்காரன் தேவையில்லாம நாலு ஐட்டம் மாட்டி அனுப்பியிருப்பான். மொதல்ல அதைத் தூக்கணும்."

இப்படிப்பட்டவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தெரு நீளமாக இருந்தால் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. பிழைப்பு வங்கியிலோ பள்ளியிலோ ஐ.டி. கம்பெனியிலோ ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இட்லி உள்ளே போனதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் குந்திவிடுவார். பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். மற்ற வீடுகளில் அந்த டின்னில் முறுக்கு இருக்கும். இவர் டின்னில் நட்டு, போல்ட், வாஷர், எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு ஸ்பிரிங்.

இதைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கழற்றுவதில் ஒரு கொள்கை இருக்கிறது. பட்டியல் போட்டால்தான் பிடிபடும். முதலில் போவது சாரி கார்டு. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. சொல்லட்டும். "லுக்கே போயிடுதுப்பா" என்று அதைத் தூக்கிவிட்டார். அந்தச் சீட்டில் உட்காருகிற புடவை அவருடைய சொந்த மனைவியுடையது. அடுத்து மட்ஃபிளாப், அது காப்பாற்றுவது பின்னால் வருகிறவனின் வெள்ளைச் சட்டையை. அப்புறம் சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்கும் குழாய். அது காப்பாற்றுவது தெருவின் தூக்கத்தை. ஆக, போனதெல்லாம் பிறத்தியாருக்காக இருந்தவை. தனக்காக இருப்பதில் ஒரு வாஷரைக்கூட அவர் தொட்டதில்லை. அங்கே கழற்றலே கிடையாது, மாட்டல்தான். சீட்டுக்கு எக்ஸ்ட்ரா குஷன் ஏறும், ஹாரன் இரட்டையாகும், எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு இரண்டாக முளைக்கும்.

2017 ஏப்ரல் 1-ஐ அவர் துக்க நாளாக அனுசரிக்கிறார். அன்று முதல் நாடு முழுக்க பி.எஸ்.-4 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளைத்தான் விற்கலாம் என்று ஆனது. மார்ச் 29-ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் பி.எஸ்.-3 வண்டிகளை இனி விற்கக் கூடாது என்று கறாராகச் சொன்னது. மிச்சமிருந்த இரண்டு நாளில் ஷோரூம்காரர்கள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் திலகமும் நின்றார். அவர் முறை வருவதற்குள் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. கடைசியில் பி.எஸ்.-4 வண்டியைத்தான் வாங்க வேண்டியதாயிற்று. வேண்டாத இடத்தில் சம்பந்தம் செய்துகொண்ட முகத்தோடு வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

அந்தத் தேதியோடு பைக்குக்கு இரண்டு புது சங்கதிகள் வந்தன. ஒன்று, எஞ்சின் ஓடும்வரை அணையாத ஹெட்லைட். எதிரே வருகிறவர்களெல்லாம் விரலைக் குவித்து விரித்து, "சார், லைட் எரியுது" என்று பட்டப்பகலில் ஜாடை காட்டிய காலம் அது. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் ஹேண்டில்பாரில் ஒரு சுவிட்ச் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது சங்கதி வண்டியின் வயிற்றுப்பக்கம் ஒளிந்திருந்த ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து இரண்டு மூன்று ரப்பர் ஹோஸ்கள் எங்கெங்கோ போகும். பெயர் கேனிஸ்டர். திலகம் அதைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "அந்த டப்பா" என்பார், ஆகாத சம்பந்தியைச் சொல்கிற குரலில்.

பெட்ரோல் நின்ற இடத்தில் நிற்கிற சரக்கு அல்ல. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். முன்பெல்லாம் அந்த ஆவி டேங்க் மூடியின் துளை வழியாகத் தெருவுக்குப் போய்விடும். இப்போது ஹோஸ் வழியாக டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் கரி. அடுப்புக்கரி இல்லை, ஆக்டிவேட்டட் கார்பன். வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கிறதே, அந்த ஜாதி. அதில் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் உட்பரப்பைக் கூட்டினால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் நாலரை கிரவுண்டு. அத்தனை இடத்திலும் பெட்ரோல் ஆவி ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது உள்ளே இழுபடும் காற்று அதை உருவிக்கொண்டு போய் எரித்துவிடும். கரி காலியாகி அடுத்த சுற்றுக்குத் தயார். அரை கிரவுண்டு மனைக்கு இருபது வருஷ இ.எம்.ஐ. கட்டுகிற மனிதர், ஒரு டப்பா நிறைய கிரவுண்டுகளைக் கழற்றிப் பரணில் போடத் துடித்தார்.

துடிப்புக்குக் காரணம் கேட்டால் அடுக்குவார். பிக்கப் குறைகிறதாம். மைலேஜ் அடி வாங்குகிறதாம். வெயிட் வேறு ஏறுகிறதாம். டப்பாவின் எடை சில நூறு கிராம். திலகத்தின் எடையைப் பற்றி வண்டி இதுவரை புகார் சொன்னதில்லை.

ஆனால் அவரைப் பெட்ரோல் பங்க்கில் பார்க்க வேண்டும். பையன் "சார், ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்வதற்கு முன்பே இவர் பார்த்திருப்பார். மீட்டர் ஓடுகிறவரை இமைக்க மாட்டார். முடிந்ததும், "ஹோஸைத் தூக்கிப் பிடிப்பா, உள்ள இருக்கும்" என்று கடைசிச் சொட்டு வரை வாங்குவார். ஃபுல் டேங்க் என்றால் கழுத்து வரை வேண்டும். வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, நுரை அடங்கக் காத்திருந்து, இன்னும் இருபது ரூபாய்க்கு ஊற்றச் சொல்வார். சொட்டுக்குச் சண்டை போடுகிறவர், அதே பெட்ரோல் ஆவியாகி வீணாகாமல் பிடித்து வைக்கிற டப்பாவைத்தான் ஜென்ம விரோதியாக நினைக்கிறார்.

இந்தக் கழுத்து வரை ஊற்றும் பழக்கத்தால் ஒருநாள் வண்டி மக்கர் செய்தது. ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டது, ஐட்லிங் நிற்கவில்லை, பக்கத்தில் போனாலே பெட்ரோல் நெடி. தெருமுனை மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, டப்பா மேல தப்பு இல்ல. நீங்க முட்ட முட்ட ஊத்துறீங்க. ஆவி போற ஹோஸ்ல பெட்ரோலே போயிருக்கு. கரி நனைஞ்சுபோச்சு."

"அப்ப டப்பா இல்லேன்னா நனையாதுல்ல?"

"இல்லாத டப்பா எப்படிண்ணே நனையும்?"

"அதைத்தான் நான் அப்பலேர்ந்து சொல்றேன்."

தம்பி மேற்கொண்டு பேசவில்லை. புது டப்பா மாட்டினால் என்ன விலை என்று மட்டும் சொன்னான். விலையைக் கேட்டதும் திலகத்தின் கொள்கை இன்னும் உறுதிப்பட்டது.

நானும் சொல்லிப் பார்த்தேன். செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் கேனிஸ்டரைக் கழற்றும் வீடியோவைக் காட்டி, "பாருங்க, அமெரிக்காக்காரனே தூக்கிப் போடுறான்" என்றார். சார், இந்த டப்பாவே அங்கிருந்து வந்ததுதான், அதைக் கழற்றுவது அங்கேயும் சட்டப்படி குற்றம் என்றேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கண்ணெரிச்சல் புகைமூட்டத்தில் தவித்தபோது, ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி, வாகனங்களும் ஆலைகளும் விடும் பெட்ரோலிய ஆவிகள் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து வெயிலில் வினைபுரிவதால்தான் அது உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அதன் தொடர்ச்சியாகத்தான் கலிபோர்னியாவில் முதலில் கார்களுக்கும், 1980-களில் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஆவியைப் பிடிக்கும் ஏற்பாடு வந்தது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த விஞ்ஞானி அதற்கு முன்பு அன்னாசிப்பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர் என்பதையும் ஆர்வக்கோளாறில் சேர்த்துவிட்டேன்.

"அன்னாசிப்பழக்காரனுக்கு பைக்கைப் பத்தி என்ன சார் தெரியும்?"

அடுத்த ஞாயிறு டப்பா கழன்றது. கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நாலு போல்ட், நாலு கிளிப். கழற்றிய பிறகு தொங்குகிற ஹோஸ்களை என்ன செய்வது என்பதில்தான் வித்தை இருக்கிறது. எஞ்சின் பக்கம் போகிற வாயை அடைக்க வேண்டும். டேங்க் பக்கம் வருகிற வாய் காற்று வாங்கத் திறந்திருக்க வேண்டும். திலகம் இரண்டையும் மாற்றிச் செய்தார். எஞ்சின் வாய் திறந்து கிடந்து, கணக்கில் வராத காற்றை உறிஞ்சியது; ஐட்லிங் தானாக ஏறி இறங்கியது. "பாத்தீங்களா, வண்டி எப்படி ஃப்ரீ ஆயிடுச்சு!" என்றார். டேங்க் ஹோஸின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கம்பி சுற்றியிருந்தார்.

அன்று மாலை நண்பர்களோடு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் கிளம்பினார்கள். திருவான்மியூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி விக்கி விக்கி நின்றது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாததால் டேங்குக்குள் வெற்றிடம். கீழே பெட்ரோல் இறங்கவில்லை. மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். உடனே ஸ்டார்ட் ஆனது. "ஏர்லாக்" என்று அறிவித்தார். முட்டுக்காட்டில் ஒரு புஸ். கோவளத்தில் ஒரு புஸ். மாமல்லபுரம் போய்ச் சேரும்போது கலங்கரை விளக்கம் எரிய ஆரம்பித்திருந்தது, அர்ஜுனன் தபசு கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்ததும் ஹோஸிலிருந்து போல்ட்டை எடுத்தாரா? அதுதான் இல்லை. டேங்க் மூடியில் டிரில்லால் ஓட்டை போட்டார். ஐப்பசி மழையில் அந்த ஓட்டை வழியாக டேங்குக்குள் தண்ணீர் இறங்கியது. அந்தப் பழி மட்டும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் போனது.

வண்டி நிற்பது மாடிப்படிக்குக் கீழே, ஹால் ஜன்னலை ஒட்டி. ராத்திரி பெட்ரோல் நெடி உள்ளே வரும். "ஏங்க, தலை வலிக்குதுங்க" என்பார் வீட்டுக்காரம்மா. "அது புதுப் பெட்ரோல் வாசனை, பழகிடும்" என்பார் இவர். அந்த வாசனைக்குள் இருக்கும் பென்சீன் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. அதனால்தான் இப்போதைய பெட்ரோலில் அது 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். பழகக் கூடிய வாசனை இல்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. திலகத்தின் வண்டியில் உள்ள மாற்றங்களை எண்ணிப் பெருக்கினால் வண்டியை விற்றுத்தான் அபராதம் கட்ட வேண்டும். ஆனால் புகைப் பரிசோதனை நிலையத்தில் குழலைச் செருகிப் பார்ப்பது சைலன்சர் வாயில். டேங்கிலிருந்து போகிற ஆவியை அங்கே யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் பாஸ். அந்தச் சர்டிஃபிகேட்டைத் தன் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த அங்கீகாரமாக வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தது. வண்டியை மூடிய அறைக்குள் வைத்துச் சோதித்தால் ஆவி 1.5 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்று கெடுபிடி கூடியது. டப்பாவோடு கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கும் ஒரு வால்வும் சேர்ந்துகொண்டது. மைத்துனன் அப்படி ஒன்று வாங்கினான். கழற்றும் தொண்டில் திலகம் தன் வீடு, பிறர் வீடு என்று பார்ப்பவர் அல்ல. வால்வு ஒயரைப் பிடுங்கியதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"மாமா, செக் லைட் எரியுது."

ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டினார். "இப்ப எரியுதா?"

"தெரியல மாமா."

"அவ்வளவுதான்."

போன மாதம் திலகம் தன் வண்டியை விற்க முடிவு செய்தார். சனிக்கிழமை ராத்திரி பரணிலிருந்து கோணிப்பை இறங்கியது. சாரி கார்டு, மட்ஃபிளாப், சைலன்சர் குழாய் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. ஹேண்டில்பார் சுவிட்ச் மறைந்தது. ஓட்டை மூடிக்குப் பதிலாக புதுப்பேட்டையில் வாங்கிய மூடி வந்தது. கேனிஸ்டரையும் துடைத்து மாட்டினார். இந்த முறை ஹோஸ்கள் எதுவும் மாறவில்லை என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஞாயிறு காலை வாங்க வந்தவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தார். குனிந்து சுற்றிப் பார்த்தவர், "இது என்ன சார், கறுப்பா ஒரு டப்பா? தேவையில்லாத ஐட்டம் மாதிரி இருக்கே, கழட்டிடலாமா?" என்று கேட்டார்.

திலகத்துக்கு வந்ததே கோபம்!

"ஐயையோ, அதைத் தொட்டுடாதீங்க சார்! அதுக்குள்ள இருக்கறது கரி. டேங்க்ல ஆவியாகுற பெட்ரோலைப் பிடிச்சு வெச்சு, வண்டி ஓடறப்ப எஞ்சினுக்கே திருப்பிக் குடுக்கும். காசு குடுத்து வாங்கின பெட்ரோலைக் காத்துல விடலாமா? கழுத்து வரைக்கும் மட்டும் ஊத்தாதீங்க, கரி நனைஞ்சிடும். இன்னொண்ணு, வண்டியை வீட்டுக்குள்ள நிறுத்துவீங்க, சின்னக் குழந்தை வேற வெச்சிருக்கீங்க. அந்த ஆவியில பென்சீன் இருக்கு சார், கேன்சர் வரும். அமெரிக்காவுல இதை ஒரு பெரிய விஞ்ஞானி கண்டுபிடிச்சிருக்காரு. கம்பெனிக்காரன் சும்மாவா மாட்டுவான்?"

வந்தவர் அசந்துபோனார். பேசிய விலைக்கு மேல் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். திலகம் அதற்கு மேல் இரண்டாயிரம் கூடக் கேட்டார், டப்பா ஒரிஜினல் என்பதற்காக.