யாரு ஜெயிச்சா?

காரைக்காலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு லீவு நாளைக் கழிக்க வேண்டியவர்களுக்குப் போக்கிடம் மூன்று: கடற்கரை, அம்மையார் கோயில், மறுபடியும் கடற்கரை. நாலாவதாக ஒன்று உண்டு. வடக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. அங்கே டேனிஷ் கோட்டை, கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். முழுக்க இலவசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டணம், பிள்ளைகள் வாசலிலேயே கேட்க ஆரம்பிக்கும் ஐஸ்கிரீமைவிடக் குறைவு. வெளியே இருக்கும் பீரங்கியும் மதிலும் கடலும் ஓசி. போர் வரலாற்றை இதைவிட மலிவாக எங்கும் பார்க்க முடியாது என்று வீட்டில் சொல்லி, மகளையும் அண்ணன் மகனையும் ஸ்கூட்டரில் ஏற்றினேன்.

ஆர்வத்தைக் கிளப்பிவிடலாம் என்று போகும்போதே கோட்டையின் அமைப்பைச் சொல்லிக்கொண்டு போனேன். கீழ்த்தளத்தில் சிறை, சமையலறை, சிப்பாய்கள் தங்கும் இடம், பீரும் ஒயினும் வைக்கும் அறை. மேலே கவர்னர் வீடும் தேவாலயமும். கோட்டுச்சேரி தாண்டிப் பூவம் வந்தது. தமிழ்நாட்டு எல்லை நெருங்க நெருங்க சாலையோரம் ஒயின்ஷாப் போர்டுகள். மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் படிக்கக் கற்றிருக்கிறாள். கண்ணில் படுகிற போர்டையெல்லாம் சத்தமாகப் படிப்பாள்.

"அப்பா, ஏன் இங்க மட்டும் இத்தனை கடை?"

"எல்லைம்மா."

"எல்லை வந்தா தாகம் எடுக்குமா?"

நண்டலாறு சோதனைச்சாவடியில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். வழக்கமான சோதனைதான். பையில் தண்ணீர் பாட்டிலும் புளிச்சோறும். எங்கே போறீங்க என்று காவலர் கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்: "எங்கப்பா பீர் ரூம் காட்டக் கூட்டிட்டுப் போறாரு."

காவலர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டென்மார்க், பதினேழாம் நூற்றாண்டு என்று நான் ஆரம்பித்ததும், "போங்க சார், போங்க" என்று அனுப்பிவிட்டார். வரலாறு இப்படியும் உதவும்.

அண்ணன் மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஃப்ரீ ஃபயர் ஆடி ஆடி, துப்பாக்கிகளைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பவன். பீரங்கியைக் கண்டதும் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தான். அதைவிட வேகமாக இறங்கினான். பதினொரு மணி வெயிலில் காய்ந்த இரும்பு. நானூறு வருஷம் கழித்தும் பீரங்கி ஒருவனைத் துரத்தியடித்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மகள் அதன் வாய்க்குள் கையை விட்டு ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தாள். தக்காளிச் சுவை. உள்ளே ஒன்றுமில்லை.

கண்ணாடிப் பெட்டிகளில் வாள், குத்துவாள், ஈட்டி, பீங்கான், டேனிஷ் கையெழுத்துப் பிரதிகள். சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகளும் உண்டு. "கிரிக்கெட் பால் அளவுகூட இல்லையே" என்று அண்ணன் மகன் உதட்டைப் பிதுக்கினான். போருக்குச் சம்பந்தமே இல்லாத திமிங்கல எலும்புக்கு முன்னால்தான் இரண்டு பேரும் நெடுநேரம் நின்றார்கள். அருங்காட்சியகம் எதுவானாலும் பொருளுக்குப் பெயர் எழுதி வைப்பார்கள். கதையைக் கூட வருகிறவர்தான் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

கதை நம் ஊரில் தொடங்குகிறது. 1618இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன், 24 வயதுகூட நிரம்பாத ஓவே யெத்தே என்பவர் தலைமையில் இலங்கைக்குக் கப்பல்களை அனுப்பினார். அவற்றுக்கு முன்னோடியாக ரோலண்ட் கிராப் என்பவர் ஒரு கப்பலில் வந்தார். 1619 பிப்ரவரியில் காரைக்கால் கடலோரத்தில் போர்ச்சுகீசியர் அந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள். மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இரண்டு மாலுமிகளின் தலையை வெட்டிக் கடற்கரையில் கழியில் செருகி வைத்தார்கள்.

"நம்ம பீச்லயா?"

"நம்ம பக்கத்துக் கடற்கரைதான்."

"எந்த இடத்துல? லைட்ஹவுஸ் பக்கமா?"

தப்பிக் கரையேறிய கிராப்பும் பதின்மூன்று பேரும் பிடிபட்டுத் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் கொண்டுபோகப்பட்டதும், கைதியாகப் போனவர் வியாபாரம் பேசியதும், 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனதும்தான் நான் சொல்ல நினைத்த விஷயம். கேட்கத்தான் ஆளில்லை. தலை எத்தனை நாள் இருந்தது, காக்கா கொத்தியதா, முகம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று விசாரணை போனது.

ஒரு வழியாக வாடகையில் பிடித்தேன். இந்த இடத்துக்கு டேனியர் தஞ்சைக்கு வருஷம் 3,111 ரூபாய் கட்ட வேண்டும்.

"கோட்டையே கட்டிட்டு வாடகை வீடா?" என்றாள் மகள். நாங்களும் வாடகை வீடுதான். அவள் முகத்தில் டென்மார்க் மீது முதல்முறையாக ஓர் இரக்கம் தெரிந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஓலையில் கடிதம் எழுதியதையும் சொன்னேன். அது எங்கே என்று கேட்டாள். கோபன்ஹேகனில் என்றேன். "தங்கம் அங்க, எலும்பு இங்கயா?" என்றாள்.

அண்ணன் மகனை மடக்கியது எஸ்கில் கோங்ஸ்பக்கே. 1650இல் டேனிஷ் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் வருவது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகச் செத்து, 1655இல் கோட்டையில் மிஞ்சிய டேனியர் இவர் ஒருவரே. எழுதப் படிக்கத் தெரியாத சாமானியர். வாடகை பாக்கிக்காக நாயக்கர் படை முற்றுகையிட்டது, சமாளித்தார். வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்று, அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் கட்டினார்.

"தனி ஆளாவா சித்தப்பா? சோலோவா?"

"சோலோதான்."

"பேக்கப்பே வரலையா?"

வந்தது, 1669 மே மாதம். ஃபேரோ என்ற கப்பல், அவரைத் தலைவராக முறைப்படி நியமிக்கும் ஆணையோடு வந்து சேர்ந்தது. பதினாலு வருஷம் பொறுப்பு வகித்த பிறகு பணி நிரந்தர உத்தரவு! இங்கே நான்தான் அதிகம் நெகிழ்ந்தேன். எனக்கு வர வேண்டிய ஓர் உத்தரவும் ஏதோ ஒரு கப்பலில் வந்துகொண்டிருக்கிறது.

"சரி, கடைசியில யாரு ஜெயிச்சா?"

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஏனென்றால் இந்தக் கரையின் போர்களில் பாதிக்கு அதற்குப் பதிலே கிடையாது. 1758 ஆகஸ்ட் 3ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு அருகே போக்காக்கின் ஆங்கிலக் கப்பற்படையும் தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. ஏகப்பட்ட பேர் செத்தார்கள். எந்தப் பக்கமும் ஒரு கப்பலைக்கூட இழக்காமல் கலைந்து போனார்கள். "டிராவா? அதுக்கு எதுக்குச் சண்டை போட்டாங்க?" என்றான். நம் காரைக்கால் கதை இன்னும் மோசம். பிரெஞ்சுக்காரர் 1739இல் கருக்களாச்சேரிக் கோட்டையோடு சேர்த்து வாங்கியதை ஆங்கிலேயர் 1760இல் பிடித்தார்கள். 1763இல் பாரிஸில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறமும் பிடித்தார்கள், கொடுத்தார்கள். கடைசியாக 1814 ஒப்பந்தப்படி கொடுத்தார்கள். இங்கே யார் குண்டு போட்டாலும் ஸ்கோரைப் பாரிஸில்தான் எழுதினார்கள்.

டேனியருக்கும் அதே கதி. நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்துத் திரும்பப் பெற்று, கடைசியில் 1845இல் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை ஆய்வு மாளிகையாகி, 1978 வரை அப்படியே இருந்தது.

"லாட்ஜா?" என்றான் அண்ணன் மகன். எஸ்கில் காத்த கோட்டை லாட்ஜ் ஆனதை அவனால் தாங்க முடியவில்லை.

புளிச்சோற்றை மதில் நிழலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது மகள் விரல்விட்டு எண்ணினாள். ஆகஸ்ட் 15 லீவு. 1962இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இணைந்ததற்காக எங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு மட்டும் ஆகஸ்ட் 16 லீவு. 1954இல் பிரெஞ்சுக்காரர் கைமாற்றிக் கொடுத்ததற்காக நவம்பர் 1 லீவு. விடுதலையில் காரைக்கால் பிள்ளைகளுக்கு எப்போதும் குறைவில்லை.

"டென்மார்க்காரன் போனதுக்கு ஏன்பா லீவு இல்ல?"

"வித்துட்டுப் போனவனுக்கு எதுக்கும்மா லீவு?"

"அதான் வாங்கினவன் போனதுக்கு விட்டாச்சுல்ல, ஆகஸ்ட் 15" என்று அண்ணன் மகன் கணக்கை முடித்து, அப்பளத்துக்குக் கையை நீட்டினான்.