ராகலைத் தகரப் பொம்மைகள்: வகையும் இலக்கணமும்

கழித்துப்போட்ட பொருள்களைக் கொண்டு திறந்தவெளியில் சிற்பம் எழுப்பும் கலையை ஆராய்வோர் பெரும்பாலும் சண்டிகரிலிருந்து தொடங்குவர். அங்கே வீதிப் பரிசோதகராக இருந்த நேக் சந்த் 1957இல் எவருக்கும் தெரியாமல் ஆரம்பித்த கற்பூங்கா, 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்து, லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் சைமன் ரோடியா 1921 முதல் 1954 வரை தனியொருவராக எழுப்பிய கோபுரங்களைச் சொல்வர். 1959இல் 10,000 இறாத்தல் விசை கொடுத்துச் சோதித்தபோதும் அவை சாயவில்லை. உலோகத்தகட்டைச் சிற்பமாக்கியவரைத் தமிழ்நாட்டில் தேடினால் 1966இல் தோன்றிய சோழமண்டலமும், பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரும் முன்னிற்பர். இந்த வரிசையில் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியான ராகலை இன்னும் சேர்க்கப்படவில்லை. சேர்ப்பதற்கான ஆதாரங்கள் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குப் பின்னால் நிரம்ப நிற்கின்றன.

ராகலைச் சிற்பங்களின் இருப்பிடம் காய்கறித் துண்டு. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு விளையும் இத்துண்டுகளுக்கு இரவில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரையும் வரும். பகலில் குரங்கும் பறவையும் வரும். இவற்றை விலக்க நிறுத்தப்படுவதால் இந்த ஆக்கங்கள் பொம்மை என்னும் பொதுப்பெயரோடு நின்றுவிட்டன. கொழுந்து நிறுத்து, பேர் போட்டு (நாட்சம்பளம் பதிந்து), வீடு திரும்பிய பின் எஞ்சும் மாலை வெளிச்சத்தில் இவை செய்யப்படுகின்றன; இதற்கென அரைப்பேரும் எவரும் போடுவதில்லை. மூலப்பொருள்கள்: லயத்துக் கூரையிலிருந்து கழற்றிய நெளித்தகரம், டின்மீன் டின், பெயின்ட் டின், உடைந்த தண்ணீர்க் குழாய், தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, கட்டுக்கம்பி. இவற்றுள் நெளித்தகரம் 1829இல் லண்டனில் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்ற பொருள். அதற்கு நாகப்பூச்சு வந்தது 1837க்குப் பின்.

வகைப்படுத்தலுக்கு முன் எல்லை வகுத்தல் வேண்டும். தொழிற்சாலை வாயிலில் வெள்ளிநிறப் பெயின்ட் பூசி நிறுத்தப்படும் பழைய ரோலர் இந்த ஆய்வினுள் அடங்காது. கந்தப்பளை ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலான பின் அதன் வளவில் உணவகமாக நிற்கும் ரயில் பெட்டியும் அடங்காது. நானுஓயாவிலிருந்து 1904இல் ராகலை வரை வந்து, 1940களில் நிறுத்தப்பட்ட இரண்டரை அடி ரயில் பாதையை அது நினைவூட்டுவதால் மதிக்கத்தக்கதே. ஆயினும் அது வைக்கப்பட்டது, ஆக்கப்பட்டதன்று. மார்செல் டூஷாம்ப் 1914இல் போத்தல் உலர்த்தும் இரும்புச் சட்டமொன்றை வாங்கி அப்படியே சிற்பம் என்றார். அந்தக் கொள்கையை ஏற்றால் ராகலை நகரின் இரும்புக் கடைகள் அனைத்தையும் சேர்க்க நேரும். ஆகவே வெட்டுதல், வளைத்தல், துளைத்தல், கட்டுதல் என்னும் நான்கனுள் இரண்டேனும் நிகழ்ந்திருந்தாலன்றி ஒரு பொருள் இங்கே சிற்பமெனக் கொள்ளப்படவில்லை.

எஞ்சியவை நிற்பன, தொங்குவன என இருபாற்படும். அலெக்சாண்டர் கால்டரின் அசையும் சிற்பங்களுக்கு 1931இல் டூஷாம்பும், அசையாதவற்றுக்கு 1932இல் ஜான் ஆர்ப்பும் தனித்தனிப் பெயர் சூட்டினர். ராகலையில் இவ்விரண்டும் ஒரே துண்டில், ஒரே கம்பியில் பிணைந்து காணப்படுகின்றன: நிற்பதன் கையே தொங்குவதற்குக் கிளை. அயலிலுள்ள உடப்புசல்லாவைத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை மணம் கூட்டும் வறண்ட காற்றே தொங்குவனவற்றுக்கு உயிர் கொடுக்கிறது. மூடுபனி இறங்கிக் காற்று ஓய்ந்த நாளில் தொங்குவன நிற்பனவாகிவிடுகின்றன. இந்த இடைநிலையை மூன்றாம் வகையாகக் கொள்ள வேண்டியதில்லை. பனி விலகினால் அது தானாகத் தீரும்.

தொங்குவனவற்றுள் தலையாயது டின்மீன் டின். 425 கிராம் டின் தாழ்ந்த ஓசையும் 155 கிராம் டின் உயர்ந்த ஓசையும் தருவதால், தேர்ந்த கைகள் இரண்டையும் கலந்தே கட்டும். டின்னைக் கவிழ்த்து, அடியில் ஆணியால் துளையிட்டு, கயிற்றைச் செலுத்தி, உள்ளே ஒரு பழைய போல்ட்டைத் தொங்கவிடுவது முறை. துளையிடும் திசை பற்றி இரு மரபுகள் உள. டின்னின் உள்ளிருந்து வெளியே ஆணி அடிப்பதை அகக்குத்து எனவும், வெளியிலிருந்து உள்ளே அடிப்பதைப் புறக்குத்து எனவும் கொள்ளலாம். அகக்குத்தில் கிழிந்த விளிம்பு மேல்நோக்கி நின்று, காற்றில் ஆடும் கயிற்றை அறுத்துக்கொண்டேயிருக்கும். புறக்குத்தில் கிழிவு உள்ளே ஒடுங்குவதால் கயிறு வழவழப்பான வாயில் உரசுகிறது. முடிச்சு மட்டும் கிழிவின்மேல் அமர்கிறது. ஒரு வாஷர் இட்டால் அந்தக் குறையும் நீங்கும். எனவே புறக்குத்தே சிறந்தது. அகக்குத்தும் வழக்கொழியாமல் இருப்பதற்குக் காரணம், டின்னின் வாயை மேலே வைத்து நிலத்தில் நிறுத்தி அடிப்பது எளிது என்பதே. எளிமை கருதி ஆயுளைக் குறைப்பது சிற்பிக்கு அழகன்று.

பயன் நோக்கியும் இவற்றைப் பகுக்கலாம். காவல் பொம்மை விலங்குக்கானது. திருஷ்டி பொம்மை மனிதக் கண்ணுக்கானது. இரண்டும் உருவில் ஒத்திருப்பினும் நோக்கும் திசையால் வேறுபடும்: காவல் பொம்மை காட்டையும், திருஷ்டி பொம்மை நடைபாதையையும் பார்த்திருக்கும். காடும் பாதையும் ஒரே பக்கத்தில் அமைந்த துண்டில் ஒரே பொம்மை இரு கடமையும் ஏற்கும். எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தால் தலையாக வைத்த பெயின்ட் டின்னின் இருபுறமும் முகம் வரைவது தக்க தீர்வு. அப்பொழுது பின்புறம் என ஒன்று அந்தச் சிற்பத்துக்கு இல்லாமற் போகிறது.

முகம் பற்றியே மிகுதியும் எழுத வேண்டியுள்ளது. பன்றி இரவில் வருவது. பார்வை மங்கிய விலங்கு. மோப்பத்தாலும் செவியாலும் வழியறிவது. அதற்கு டின்னோசை போதும், மனித வாடை ஏறிய பழைய கோட்டு போதும். மூக்கு வேண்டாம், மீசை வேண்டவே வேண்டாம். அப்படியிருந்தும் ராகலைப் பொம்மைகள் முகத்தோடு நிற்கின்றன. பெயின்ட் டின்னில் உளியால் வாய் திறந்து, கிழிந்த தகரத்தை வெளியே மடித்து உதடாக்கி, இரு போத்தல் மூடிகளைக் கண்ணாகப் பதித்து, எஞ்சிய தாரால் மீசை இழுத்திருப்பதைக் கிட்டச் சென்று பார்த்தால், இடக்கண்ணைச் சற்றே தாழ்த்திப் பதித்த கை தெரியும். அந்தக் கண் எந்தப் பன்றிக்காகவும் தாழ்த்தப்படவில்லை. பயனுக்கு மேல் செலவிட்ட அந்த அரை மணி நேரமே இவற்றைச் சிற்பம் எனக் கொள்வதற்குப் போதிய சான்று. ஜானகிராமின் தகட்டு முகங்களை நோக்கும் அதே பொறுமையோடு இவையும் நோக்கப்பட வேண்டும்.

காட்சிப்படுத்தலில் ஒரு விதி உண்டு. ஒரே இடத்தில் நெடுநாள் நின்ற பொம்மைக்கு விலங்குகள் பழகிவிடுகின்றன; அதன் நிழலிலேயே கரட்டைக் கிளறிப்போடும். ஆகவே பொம்மையை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். கோட்டையும் மாற்றினால் நன்று. அருங்காட்சியகங்களும் கைக்கொள்ளத்தக்க வழக்கம் இது.

துருவை ராகலைச் சிற்பிகள் தடுப்பதில்லை. 1967இல் சிகாகோவில் திறந்துவைக்கப்பட்ட பிக்காசோவின் பெருஞ்சிற்பத்துக்குத் தானே துருப்பூசிக்கொள்ளும் தனி உருக்கு தேவைப்பட்டது. ராகலையில் மழை அதைச் செய்கிறது. நாகப்பூச்சு தேய்ந்த தகரம் ஆணித்துளையிலிருந்து சிவக்கத் தொடங்கி, பாவாடைபோல் மடித்த ஓரம்வரை பரவி, பிறகு பொடிந்து லீக்ஸ் பாத்தியில் உதிரும். அதற்குமுன் பழைய இரும்பு வாங்கும் லொறி வந்துவிட்டால் குழாயும் தகரமும் தராசுக்குப் போகும்.

தலை மட்டும் போவதில்லை. பால்மா டின்னும் தலையாவதுண்டு; பால்மா பெரும்பாலும் பக்கெட்டில் வரத் தொடங்கிய பின் முகத்துக்கு ஏற்ற அளவில் டின் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆகவே உடலைக் கொடுக்குமுன் தலையைக் கழற்றி, லயத்து இறவாணத்தில் செருகிவைத்து, அடுத்த போகத்தில் புதிய உடலுக்குச் சூட்டுவர். இதனால் ஒரே பொம்மையில் தலைக்கு ஒரு காலமும் உடலுக்கு வேறு காலமும் அமைகின்றன. ராகலைச் சிற்பத்தின் வயதைக் கணிப்போர் தலையையும் உடலையும் தனித்தனியே கணித்தல் வேண்டும். கோட்டைக் கணக்கில் எடுத்தல் ஆகாது.