கிடாவா, நாயா?

பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். பத்தாம் வகுப்பில் ஒருமுறை மாட்டினேன். நாற்பது வருஷம் கழித்து அதே வாத்தியாரிடம் மறுபடியும் மாட்டினேன். நடுவில் வில்லியனூரில் ஜெராக்ஸ் கடை வைத்தேன். காப்பியை மட்டும் நான் விடவே இல்லை.

எங்கள் தமிழ் ஐயாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பாகூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் அழுத்த நோயில் பார்வை போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. போனில் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதியைப் பேரன் போட்டுக் கொடுத்திருக்கிறான். பழைய மாணவர்கள் வாட்ஸப் குரூப்பில் யார் என்ன எழுதினாலும் ஐயா காதுக்குப் போய்விடும். சந்திப்பிழையைக் கண்ணால் கண்டுபிடித்த காலம் போய் இப்போது காதாலேயே கண்டுபிடிக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் குரூப்பில் எழுதுகிறவர்கள் குறைவு. எல்லாம் படம்தான். காதுகுத்து, புதுமனை புகுவிழா, வயல், கோயில், டாக்டரிடம் காட்டிய எக்ஸ்ரே. ஐயாவின் போன் ஒவ்வொன்றுக்கும் ‘போட்டோ’, ‘போட்டோ’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஒருநாள் குரல் செய்தி வந்தது: “டேய், அது போட்டோன்றது எனக்கும் தெரியுது. போட்டோவுல என்ன இருக்குன்னு எவனாச்சும் ஒரு வரி சொல்லக் கூடாதா?”

“நான் பார்த்துக்கிறேன் ஐயா” என்று முந்திக்கொண்டு பதில் போட்டது நான். குரூப்பில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர். என்றைக்கோ ஒரு நண்பன் வீட்டு பிரிண்டரில் சிக்கியிருந்த பேப்பரைக் கிழியாமல் உருவியதால் வந்த பெயர் அது. அதற்கப்புறம் நான் எதையும் உருவவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

முதல் நாள் மூன்று படத்துக்குக் கையால் குறிப்பு எழுதினேன். நாலாவது படத்தில் கை வலித்தது. அப்போதுதான் அக்கா பையன் அந்த வெப்சைட்டைக் காட்டினான். படத்தை உள்ளே தள்ளினால் அதுவே பார்த்து, இங்கிலீஷில் ஒரு வரி கேப்ஷன் கொடுக்கும். அந்த வரியை இன்னொரு இடத்தில் போட்டால் தமிழாகிவிடும். அதை எடுத்து குரூப்பில் ஒட்ட வேண்டியதுதான். மாதத்துக்கு முப்பது படம் இலவசம். முதல் நாலைந்தை என் செருப்பு, டீ கிளாஸ், கடைப் பூனை ஆகியவற்றை அடையாளம் காட்டச் சொல்லியே தீர்த்துவிட்டேன்.

ஒட்டுவதற்கு முன்னால் படித்துப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். ஜெராக்ஸ் கடைக்காரன் எத்தனை காப்பி என்றுதான் கேட்பான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தால் கடையை எப்போது சாத்துவது?

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர். வடத்தைத் துணைநிலை ஆளுநரும் முதல்வரும் பிடித்து இழுத்துத் தொடங்கி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்களுடைய கவர்னர் வந்து இழுத்ததன் தொடர்ச்சி. அந்தப் படத்தைப் போட்டேன். ‘கயிறு இழுக்கும் போட்டியில் விளையாடும் ஆண்கள் குழு’ என்று வந்தது. புதுச்சேரி அரசியலைக் கொஞ்சம் கவனிக்கிறவர்கள் இதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள்.

தேரை மட்டும் தனியாக எடுத்த படத்துக்கு, ‘பல அடுக்குப் பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நிற்கும் பெரிய மக்கள் கூட்டம்’. போகட்டும் என்று வில்லியனூர் மாதா கோயில் படத்தைப் போட்டேன். 1877-இல் எழுந்த லூர்து மாதா திருத்தலம், ஈஸ்டர் முடிந்ததும் திருவிழா, சீரியல் பல்பு போட்ட தேர்பவனி. அதற்கும் கேக், அதற்கும் கூட்டம். எம்மதமும் சம்மதம் என்பதை மெஷின் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஐயா இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. “இந்த வருஷம் தேர்ல கேக்கு வெட்டினாங்களாடா?” என்று மட்டும் மகனிடம் விசாரித்திருக்கிறார்.

அடுத்து வந்ததுதான் கிடா. என்னோடு படித்தவன் ஒருவன் பேரப்பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தான். நல்ல கறுப்புக் கிடா. நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் மாலை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெருமையாக ஒரு படம் எடுத்துப் போட்டான். மத்தியானம் இலையில் பரிமாறியதை இன்னொரு படம் எடுத்துப் போட்டான். நான் வழக்கம்போல இரண்டையும் மெஷினில் தள்ளி, வந்ததை ஒட்டிவிட்டு, கடையில் பைண்டிங் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஐயாவின் போன் அவருக்கு வாசித்துக் காட்டியது இது. முதல் படம்: ‘மாலை அணிந்த கறுப்பு நாயுடன் ஒரு மனிதர் வீட்டின் முன் நிற்கிறார்.’ இரண்டாவது படம்: ‘சோறு மற்றும் இறைச்சியுடன் ஒரு உணவு.’

ஐயா அவனுக்கே போன் போட்டுவிட்டார். “டேய், கஷ்டம்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா” என்றாராம். பந்தியில் மூன்றாவது வரிசைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விஷயம் புரிந்ததும் எனக்கு போன் போட்டான். அவன் பேசியதை எந்த மெஷினிலும் போட்டு மொழிபெயர்க்க முடியாது.

அக்கா பையனைப் பிடித்து, ஏண்டா ஒரு வெள்ளாடுகூடத் தெரியாத மெஷினையா எனக்குக் காட்டினாய் என்று சத்தம் போட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். இந்த மாதிரி மெஷின்களைப் பழக்க உலகம் முழுக்கப் பயன்படுத்திய படத்தொகுப்புகளில் முக்கியமான ஒன்று, 2014-இல் மைக்ரோசாஃப்ட் ஆட்கள் முன்னின்று உருவாக்கியது. பெயர் கோகோ. நான் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து, முதுகில் தட்டினால் எழுந்து ஓடுவதை நினைத்துக்கொண்டேன். அதில்லையாம்.

மூன்று லட்சத்துக்கும் அதிகமான படங்கள். பெரும்பாலும் ஃபிளிக்கரில் யார் யாரோ போட்டவை. படத்துக்கு ஐந்து பேர் வீதம், கூலிக்கு ஆள் பிடித்து ஆளுக்கு ஒரு வரி எழுத வைத்திருக்கிறார்கள். அந்த வரிகளைப் பார்த்துத்தான் மெஷின்கள் வரி எழுதக் கற்றுக்கொண்டன. கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. அதுவும் நம்ம ஜாதிதான், பார்த்து எழுதுகிறது.

அந்தத் தொகுப்பில் 80 வகைப் பொருள்களைக் குறித்து வைத்திருக்கிறார்களாம். பட்டியலைக் காட்டினான். விலங்கு என்று பறவையோடு சேர்த்துப் பத்து. யானை இருக்கிறது, கரடி இருக்கிறது, வரிக்குதிரை இருக்கிறது, ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது. செம்மறியாடு இருக்கிறது. வெள்ளாடு இல்லை. பாகூர்ப் பக்கம் வேலியில் தலையை விடாத வெள்ளாடு உண்டா? வரிக்குதிரை வந்து எந்த வேலியில் தலையை விட்டது?

சாப்பாட்டிலும் அப்படித்தான். பீட்சா, ஹாட் டாக், டோனட், கேக், ப்ரோக்கோலி. இட்லியைக் காணோம், முருங்கைக்காயைக் காணோம். விளையாட்டுச் சாமானில் பனிச்சறுக்குக் கட்டை இருக்கிறது. தேருக்கு ஏன் கேக் என்று சொன்னது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுக்கடுக்காக, கலர்கலராக, சுற்றி ஆட்கள் நிற்க ஒரு பொருள் என்றால் அதற்குத் தெரிந்தது கேக்தான். கொக்கும் மயிலும் கோழியும் எல்லாம் சேர்ந்து ‘பறவை’. கவர்னரும் முதல்வரும் கூட்டத்தில் மிதி வாங்கிய நானும் ‘ஆள்’. அந்த ஒரு இடத்தில் மட்டும் மெஷின் சொல்வதுதான் நியாயம்.

இதையெல்லாம் ஐயா மாதிரி ஆட்களுக்காகவே யோசித்தவர்களும் உண்டாம். 2016 ஏப்ரலில் பேஸ்புக், பார்வையில்லாதவர்களுக்காகப் படத்தில் இருப்பதைத் தானாகச் சொல்லும் வசதியைக் கொண்டு வந்தது. அதில் வேலை பார்த்த மேட் கிங் என்ற இன்ஜினியருக்கே பார்வை கிடையாது. அது எதையும் அடித்துச் சொல்லாது. ‘படத்தில் மரம் இருக்கலாம், இரண்டு பேர் இருக்கலாம்’ என்ற தினுசில்தான் சொல்லும். கல்யாணத் தரகர் பேச்சு மாதிரி பின்னால் பிடிக்க முடியாத பேச்சு. நான் ‘இருக்கலாம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் கிடா விஷயத்தில் தப்பித்திருப்பேன்.

மெஷினை விட்டுவிட்டு நானே எழுதுகிறேன் என்று கிளம்பினேன். நம்ம ஊர், நம்ம மனுஷங்க, நமக்குத் தெரியாததா? அந்த நினைப்பு இரண்டு நாள் தாங்கியது.

பாகூர் ஏரிக்குப் பக்கத்து வயலில் நான் எடுத்த படம். பச்சைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். மெஷின் இதற்கு ‘பசும்புல் வெளியில் மேயும் செம்மறியாட்டு மந்தை’ என்று சொல்லியிருந்தது. சும்மா பச்சையாக இருந்தாலே ஆடு இருப்பதாக மெஷின் கற்பனை செய்துகொள்கிறது என்று ஜெனெல் ஷேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 2018-லேயே கிண்டல் செய்து எழுதியிருக்கிறாராம். நானும் சிரித்துவிட்டு, ‘வயலில் கொக்குகள்’ என்று கம்பீரமாக எழுதினேன். ஐயா போன் செய்தார்.

“எந்தக் கொக்கு? உண்ணிக்கொக்கா, பெரிய கொக்கா? மடையானா?”

“ஆமாங்க ஐயா, நான்தான் எடுத்தேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மடையான் என்று ஒரு பறவை இருக்கிறது என்பது அன்றைக்கு ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. நீங்களும் இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றால் வெட்கப்பட வேண்டாம், நான் இருக்கிறேன்.

அடுத்த படம், ‘வயலில் பெண்கள் வேலை செய்கிறார்கள்.’ ஐயா விடவில்லை. நாற்றுப் பறிக்கிறார்களா, நடவு நடுகிறார்களா, களை எடுக்கிறார்களா? நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சின்னதாக்கிப் பார்த்தேன், தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன். “எல்லாரும் குனிஞ்சிருக்காங்க ஐயா” என்றேன். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய பாகூரில் பிறந்து, மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவன் சொன்ன பதில் இது.

கோயில் விசேஷப் படத்துக்கு, ‘விழாவில் திரளான பொதுமக்கள் கலந்துகொண்டனர்’ என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. மெஷின் சொன்ன ‘பெரிய மக்கள் கூட்டம்’ இதுதானே? அது பனிச்சறுக்கு நாட்டில் கற்றுக்கொண்டு வந்தது. நான் டீக்கடை பேப்பரில் கற்றுக்கொண்டேன்.

ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் சொல்லும் பாகூர்ச் செப்பேட்டுக் கதையை மறுபடி எடுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், இங்கே இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்லூரிக்காக மூன்று ஊர்களைத் தானமாக விட்டார்கள். அந்தச் செப்பேடு இருக்கிறது. “படிக்கறதுக்குன்னு மூணு ஊரை எழுதி வெச்ச மண்ணுடா இது. நீ மூணு வரி எழுதக் கூடாதா?” பத்தாம் வகுப்பில் என் விடைத்தாளைப் பிடித்தபோதும் இதையேதான் சொன்னார். அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது, அந்த மூன்று ஊர் இப்போது யார் பேரில் பட்டா ஆகியிருக்கும் என்பதுதான்.

ஆசிரியர் தினத்துக்குப் பதினோரு பேர் ஐயா வீட்டுக்குப் போனோம். சால்வை, பழம், காராசேவு. ஐயாவின் மருமகள் என் போனில் ஒரு குரூப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். இதில்தான் என் மானத்தைத் திரும்ப வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். இடமிருந்து வலம் பதினோரு பேரும், இன்ஷியலோடு. யார் சட்டை என்ன நிறம். யார் தலைக்கு டை அடித்திருக்கிறார், யாருக்கு அடிக்கத் தலையில் ஒன்றுமில்லை. கிடா வெட்டினவன் என் பக்கத்தில் நிற்காமல் தள்ளிப் போய் நிற்பது. பின்னால் தினசரி காலண்டர் ஒருநாள் கிழிக்காமல் தொங்குவது. ஸ்டூல் மேல் காராசேவுத் தட்டு பாதி காலியாக இருப்பது. சந்திப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் ஐயாவின் குரல் செய்தி வந்தது. “நல்லா எழுதியிருக்கடா. கண்ணால பார்த்த மாதிரியே இருக்கு. எல்லாரையும் சொல்லிட்ட. நடுவுல ஒரு நாற்காலி போட்டாங்களே, அது காலியாவா இருக்கு?”

படத்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் நாற்காலி. அதில் சால்வையோடு ஐயா.

அந்த மாதத்துக்கான இலவசப் படம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. யாருக்கும் தெரியாமல் அதே போட்டோவை மெஷினில் தள்ளிப் பார்த்தேன். ‘நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவர், அவரைச் சுற்றி நிற்கும் ஒரு ஆட்கள் குழு’ என்று வந்தது.