புதுலோரிச் சாயவழு: ஸ்ரீ கெம்பாங்கான் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் பொருளும்

புது லோரியின் சாயத்தில் குறை காண்பது தனித்துறை. இத்துறை இதுகாறும் கேட்பாரற்றுக் கிடந்தது என்று தொடங்குவது ஆய்வு மரபு. ஆகவே கேட்பாரற்றுக் கிடந்தது. ஆய்வுப்பொருள், இவ்வாய்வாளரின் மைத்துனர் பாசார் போரோங் மொத்தச் சந்தையில் காய்கனி ஏற்றுவதற்கென்று வாங்கிய மூன்று டன் வெள்ளை லோரி. செய்தவர் பெயரும் விற்றவர் பெயரும் ஆய்வுநெறி கருதி விடப்பட்டன. மைத்துனர் கெஞ்சியது இரண்டாவது காரணம்.

களம் ஸ்ரீ கெம்பாங்கான். 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின், மக்களைப் பெயர்த்து வேலிக்குள் குடியேற்றி உண்டாக்கிய புதுக்கிராமங்களில் செர்டாங் பாருவும் ஒன்று. அதுவே வளர்ந்து இந்த ஊராயிற்று. பக்கத்தில் ஹோங் ஃபாட் ஈயச் சுரங்கம். உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பேர்பெற்றிருந்த அந்தப் பள்ளம் இன்று மைன்ஸ் என்ற பெயரில் ஏரியும் பேரங்காடியுமாக இருக்கிறது. மறுபக்கம், 1931-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய புத்ரா பல்கலைக்கழகம். இவற்றுக்கும் லோரிச் சாயத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் முதல் இயலில் ஊர் வரலாறு எழுதாத ஆய்வேட்டுக்கு எவரும் பட்டம் கொடுத்ததாகச் செய்தி இல்லை.

2. முன்னாய்வுகள்

முதன்மைச் சான்று, லோரி. துணைமைச் சான்று, லோரியைப் பார்த்தவர்கள். இவர்கள் இரு சாரார். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்பார் ஒரு சாரார் (விற்பனையாளர், வாய்மொழி, குளிர்சாதன அறை). ‘அங்கே என்ன அப்படி?’ என்பார் மறுசாரார் (எதிர்வீட்டு அண்ணன், வாய்மொழி, வேலிக்கு மேலிருந்து, லோரி அவருடையதன்று என்பதையும் கருதுக).

வரலாற்று நோக்கில், 1914 முதல் 1925 வரை ஃபோர்டு ஆலை மாடல் டி வண்டியைக் கறுப்பில் மட்டுமே விற்றது. வேறு நிறமே இல்லாதபோது நிறம் பொருந்தவில்லை என்று எவன் சொல்வான்? இத்துறையின் வளர்ச்சிக்கு இதைவிடப் பெரிய தடை எழுந்ததில்லை.

3. சாயத்தின் தடிப்பு

வண்டியின் உலோகக் கூட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்தினால் துருத்தடுப்புப் பூச்சு சுமார் 20 மைக்ரான் படிகிறது. அதன்மேல் இடைப்பூச்சு, நிறப்பூச்சு, பல வண்டிகளில் அதற்கும் மேலே பளபளப்புப் பூச்சு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். மனித முடியின் தடிப்பு 70 மைக்ரான் அளவு. ஆக, நாம் சண்டையிடுவது ஏறத்தாழ இரண்டு முடித் தடிப்புக்குள். தமிழறிஞர் சண்டைகள் பலவற்றுக்கு இவ்வளவு தடிப்பும் வாய்த்ததில்லை.

4. வழு வகைகள்

அ) தூசுப்புடைப்பு: ஈரச் சாயத்தில் தூசு அமர்தல். சில வாகன ஆலைகளில் சாயம் அடிக்குமுன் தூசு துடைக்கத் தீக்கோழி இறகு பதித்த உருளைகளைச் சுழலவிடுகிறார்கள். இது இக்கட்டுரையாளரின் கற்பனை அன்று.

ஆ) வடிதல்: அதிகம் அடித்தால் வடியும்.

இ) மீன்கண்: சாயம் விலகிக் குட்டிக் குட்டியாகக் குழிதல். சிலிக்கோன் கலந்த எதுவும் இதற்குக் காரணமாகலாம் என்பதால், ஆலைகளில் சாயப் பிரிவுத் தொழிலாளர்கள் பூசும் நறுமணப் பொருள்களுக்கும் முடிப்பூச்சுகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. எனவே மீன்கண் தோன்றிய நாளில் எவர் தலை மணத்தது என்று துருவுவதே முறையான மூலபாட ஆய்வு (போமன் ஒருவர், மாமாக் கடை, தே தாரேக் முதல் கோப்பை, இரண்டாம் கோப்பையில் கருத்தை மாற்றிக்கொண்டார்).

ஈ) நிறமாற்றம்: பிளாஸ்டிக் பம்பர் உலோகக் கூட்டுக்குரிய சூட்டைத் தாங்காது; அதனால் அதற்குத் தனியே சாயம் பூசி, குறைந்த சூட்டில் உலர்த்துகிறார்கள். பிறகு இரண்டும் ஒன்றாக வந்து ஒரே வெள்ளை என்று சாதிக்கும். வெள்ளை ஒன்றுதான் என்று நம்புவோர் வெள்ளை லோரி வாங்கியதில்லை.

உ) சுருள்கீறல்: கடையில் அழுக்குத் துணியால் கழுவித் துடைத்ததால் வந்தது. ஆலையார் வாக்கன்று, இடைச்செருகல்.

5. ஆரஞ்சுத் தோல்

இனி, இத்துறையின் உயிர்நிலை.

தெளித்த சாயத் துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமனாகப் பரவுமுன் இறுகிவிட்டால், பரப்பு ஆரஞ்சுப்பழத் தோலாகக் குண்டும் குழியுமாய் நிற்கும். சாயம் கெட்டியாக இருப்பது, கரைப்பான் விரைவில் ஆவியாவது, காற்றழுத்தம் குறைவது, துப்பாக்கி தள்ளி நிற்பது ஆகியன காரணங்கள். லேசர் ஒளி பாய்ச்சி, நெடிய அலை இது, குறுகிய அலை இது என்று அளக்கும் கருவியை ஆலைகள் வைத்திருக்கின்றன. இவ்வாய்வாளரிடம் அது இல்லை. பாசார் போரோங் இருந்தது.

ஆகவே தோல் ஐவகை என்று கொள்ளப்பட்டது: லீமாவ் கஸ்தூரி, எலுமிச்சை, சீனப் பெருநாள் ஆரஞ்சு, பம்பளிமாஸ், லீமாவ் பூரூட். முதலாவது மழமழப்பு; கடைசி, கொப்புளம். பழத்தை ஒரு கையிலும் கதவை மறு கையிலும் தடவி ஒப்பிடுவது முறை. பழங்களை இவ்வாறு தடவித் திரும்ப வைத்ததற்கு எழுந்த மறுப்புரையும் பதிவாகியுள்ளது (பழக்கடை அம்மா, பாசார் போரோங், விடியற்காலை: ‘வாங்குறீங்களா, சும்மா தடவிப் பாக்குறீங்களா?’, இதே வினா பிறகு சீனத்திலும் எழுந்தது, மூன்றாம் வடிவம் மலாயில், அச்சேறத் தகாதது, மூன்றையும் ஒப்பிட்டுச் செம்பதிப்பு வரவேண்டும்).

ஓட்டுநர் பக்கக் கதவு ஆரஞ்சா, பம்பளிமாஸா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். ஆரஞ்சு என்பது மைத்துனர் கொள்கை (குரல்பதிவு, இருமலுக்கு முன்). பம்பளிமாஸ் என்பதும் அவர் கொள்கையே (அதே குரல்பதிவு, இருமலுக்குப் பின், ஒப்பிடுக, அவர் மனைவி, சமையலறை ஜன்னல் வழி உரை: ‘ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா?’, இதனை ஆய்வாளர் மூன்றாம் கொள்கையாகக் கொண்டு நூல்வரிசையில் சேர்த்துள்ளார்). பம்பளிமாஸுக்குப் பேர்போனது ஈப்போவை அடுத்த தம்பூன். அங்கே ஒரு களப்பணி தேவை. நிதி கோரப்பட்டுள்ளது.

திணை வகுத்தால் குழப்பம் தீரும். முதற்பொருளில் நிலம், வீட்டு முன்வாசல். பொழுது, எற்பாடு. உச்சி வெயிலில் வெள்ளை கூசும். ஒரு குழியும் தெரியாது. சாயும் வெயில் பக்கவாட்டில் விழும்போதே மேடும் பள்ளமும் நிழல்பெற்று எழுகின்றன. கருப்பொருள், குழல்விளக்கு, கைபேசி டார்ச், கொசு. உரிப்பொருள், இரங்கலும் இரங்கல் நிமித்தமும். ஆக, ஆரஞ்சுத் தோல் ஐயமற நெய்தல். ஸ்ரீ கெம்பாங்கானில் கடல் ஏது என்பார்க்கு, மைன்ஸ் ஏரி உண்டு. அதுவும் போதாது என்பார்க்குத் திணைமயக்கம் உண்டு. ஊர் வரலாற்றை முதல் இயலில் வைத்தது ஏன் என்று இப்போது விளங்கும்.

6. வழுவமைதி

இலக்கணத்தார் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று வைத்தனர். பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழுவும். ஆனால் உவப்பினால் சொன்னது என்று அமைதி கூறி ஏற்றுக்கொள்வர். விற்பனையாளர் இந்த இலக்கணத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். கதவைக் காட்டியவுடன், ‘இது ஆரஞ்சுத் தோல்ணே. எல்லா வண்டிக்கும் உள்ளதுதான்’ என்றார். பெயர் தெரியும்வரை அது புகாராக இருந்தது. பெயர் வந்ததும் பண்பாகிவிட்டது. திருத்த வேண்டிய ஒன்றுக்குப் பெயர் சூட்டி, வகை பிரித்து, வரம்புக்குள் உள்ளது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆலைக்கும் சரி, ஆய்வரங்குக்கும் சரி.

உத்தரவாதக் கையேட்டுக்கு அவர் சொன்ன உரையும் போற்றத்தக்கது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டு உரையில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ உள்ள சொல்லோடு மாட்டிப் பொருள் கொண்டதை மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கண்டித்தார். அடிகள் இந்தக் கையேட்டு உரையைக் கேட்டிருந்தால் நச்சினார்க்கினியரை மன்னித்திருப்பார். ‘சாயம்’ என்பது ஒரு பக்கத்தில், ‘உத்தரவாதம்’ அடுத்த பக்கத்தில், ‘நீங்கலாக’ என்பது அட்டைக்கு அருகில். மூன்றும் ஒரே மூச்சில் மாட்டப்பட்டன.

சட்டம்: 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்கும் பொருள்களுக்கே உரியது. மூன்று டன் லோரியை வீட்டுக்குள் புழங்குவோர் அருகியே உளர். வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பகோமோ பிரேக்கையும் புகையையும் அடிப்பாகத்தையும் பார்க்கும், இரங்கலைப் பார்க்காது.

7. சான்று அழிந்த வரலாறு

இந்நிலையில் ஆய்வுலகுக்குப் பேரிழப்பு ஒன்று நேர்ந்தது. ஆய்வாளருக்குச் சொல்லாமல் மைத்துனர் லோரியைப் பாலக்கோங்கில் ஒரு சாயப் பட்டறைக்கு ஓட்டிப்போனார். அங்கிருந்த தம்பி, ஐவகைத் தோலையும் அறியாதவர். கதவைத் தடவிப் பார்த்து, 2000-ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாலிஷ் இயந்திரத்தை ஓட்டினார். ‘போதும்ணே, இதுக்கு மேல தேய்ச்சா சாயமே போயிரும்’ என்று நிறுத்தினார். செய்தியறிந்து ஓடிவந்து வகைப்பாட்டை விளக்க முற்பட்ட ஆய்வாளரிடம், ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, தண்ணி தெறிக்கும்’ என்றார். ஏட்டைக் கரையான் தின்றால்கூட இரண்டு வரி மிஞ்சும். இங்கே ஒரு குழியும் மிஞ்சவில்லை.

பின்னர் கதவில் உரிமையாளர் பெயர், முகவரி, வெறும் எடை, சுமையோடு எடை என்று சரக்கு லோரிக்கு விதித்தவற்றை ஓர் எழுத்துக்காரர் எழுதினார். ஓரிடத்தில் சாயம் வடிந்திருக்கிறது. அது ஆலைவழு அன்று. இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

8. முடிவுகள்

புது லோரியில் வழு உண்டு. எற்பாட்டில் மிகும். பெயரிட்டால் அமைதி பெறும். தேய்த்தால் போகும், ஆயினும் தேய்ப்பது ஆய்வுநெறிக்குப் புறம்பு.

மேலாய்வுக்குரியது: பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு காடி வந்திருக்கிறது. கறுப்பு நிறம், கறுப்பில் எல்லாம் இன்னும் துலக்கமாகத் தெரியும். வாங்கியவர் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தெரியவைப்பதுதானே ஆய்வின் பயன்.